செல்போன் நடக்காத பாதை

என் பேரில் ஒரு செல்போன் இருக்கிறது. வாங்கிய நாளில் இருந்து அது என் கையில் இருந்ததைவிட என் மகன் சட்டைப்பையில் இருந்ததுதான் அதிகம். அவன் சிவகாசியில் அச்சாபீசுகளுக்குப் பேப்பர் லோடு அடிக்கிற சின்ன வண்டி ஓட்டுகிறான். அவனுடைய போன் தண்ணீரில் விழுந்து கெட்டதும் என்னுடையதை எடுத்துக்கொண்டான். நானும் திருப்பிக் கேட்கவில்லை. பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவளுக்குப் பகலில் போன் எதற்கு?

எங்கள் கம்பெனியில் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்பதுகூடக் கிடையாது. வேனில் ஏறும்போதே கேட்டுவிடுவார்கள். மருந்து புழங்குகிற இடம். ஒரு பொறி போதும். செருப்பையே வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போய் உட்காருகிறோம். அதனால் அந்தச் சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் இருந்து வேலைக்குப் போகிற இருபத்து மூன்று பெண்களும் போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவோம். இல்லையென்றால் அது புருஷன் கையிலோ பிள்ளை கையிலோ இருக்கும். இது எங்களுக்கு எவ்வளவு பழகிப்போனது என்றால், யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றே தோன்றாது. அப்படித் தோன்றாமல் போனதால் வந்த வினையைத்தான் எழுதுகிறேன். அதைவிட, அந்த வினையைத் தன் தலையில் போட்டுக்கொண்ட ஒரு பெண்ணைப் பற்றி எழுத ஆசை.

எங்கள் ஊர் சாத்தூருக்குப் பக்கம். தெருவில் இருந்து வேன் நிற்கிற இடத்துக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று தார் ரோடு. ஊரைச் சுற்றி, ஒயின்ஷாப்பை ஒட்டிப் போகும். என் நடைக்கு முக்கால் மணி நேரம். இன்னொன்று ஒற்றையடிப் பாதை. கண்மாய்க் கரையில் ஏறி, கருவேலங்காட்டுக்குள் இறங்கி, ஒரு தரிசு நிலத்தைக் குறுக்கே வெட்டிப் போகும். முழங்கால் வலியோடு போனாலும் கால் மணி நேரம்தான். நாங்கள் பருத்தி எடுக்கவும் களை வெட்டவும் போன காலத்தில் இருந்தே அந்தத் தடத்தில்தான் நடக்கிறோம்.

அந்தத் தரிசை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கினார். பிளாட் போடப் போவதாகப் பேச்சு. ஒரு நாள் லாரியில் கல்தூண்கள் வந்து இறங்கின. சுற்றி வேலி போடுகிறார்கள், பாதையும் வேலிக்குள் போய்விடும் என்றார்கள். இளவட்டப் பெண்கள் கொஞ்சம் முன்னால் எழுந்து, தார் ரோட்டில் ஓடியாவது வேனைப் பிடித்துவிடுவார்கள். இந்த முழங்காலோடு என்னால் ஆகாது. வேன் தவறினால் அன்றைக்கு வேலை இல்லை. நாலு நாள் தவறினால் பேக்கிங்கில் என் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிடும். அறுபத்து மூன்று வயதில் விட்ட இடம் திரும்பக் கிடைக்காது. கல்தூண்களைப் பார்த்த அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு.

கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ச் சொன்னோம். அவர் நல்ல மனிதர். பழைய வரைபடத்தை விரித்து விரலால் தேடிப் பார்த்தார்.

"இதுல பாதைன்னு ஒண்ணும் இல்லையேம்மா. ஜனங்க நடக்குறாங்கன்னு ஏதாச்சும் ஆதாரம் கொண்டாங்க. வேலி போடுறவர்கிட்ட நான் பேசிப் பாக்குறேன்" என்றார்.

நடக்கிறதுக்கு என்ன ஆதாரம் கொடுப்பது? காலைக் காட்டவா முடியும்?

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பெண் ஊருக்குள் வந்தாள். விருதுநகர்க்காரி. இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். ஸ்கூட்டியில் வருவாள்; முதுகில் லேப்டாப் பை, தலையில் வெயிலுக்குச் சுற்றிய துப்பட்டா. வெளிநாட்டு உதவியில் பல தேசங்களில் நடக்கிற ஒரு திட்டத்தில் அவளுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகளிர் குழுக் கட்டடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, லேப்டாப்பில் எங்கள் ஊரை மேலே இருந்து காட்டினாள்.

"பாருங்க, கம்பெனி ஷெட்டு தெரியுது. டவர் தெரியுது. ஒயின்ஷாப் பேரோடயே இருக்கு. நீங்க நடக்குற வழி எங்க? எந்த இடத்துல பயந்துக்கிட்டே போறீங்க, எங்கன நிழல் இருக்கு, எங்கன நாய் இருக்கு, அது எதுவும் இல்ல. மேப் போட்டவங்க அநேகம்பேர் ஆம்பளைங்க. அவங்க போற இடம்தான் அதுல ஏறியிருக்கு. பொம்பளைங்க நடக்குறதைப் பொம்பளைங்கதான் போடணும்."

என் பக்கத்து வீட்டு மதினிக்கு வாய் சும்மா இருக்காது. கம்பெனியில் எனக்கு எதிரே உட்கார்ந்து பெட்டி ஒட்டுகிறவள். "ஏத்தா, நாங்க பயந்துக்கிட்டுப் போற இடத்தையெல்லாம் போட்டா உன் படத்துல எடம் பத்தாதே" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். அந்தப் பெண்ணும் சிரித்தாள். ஆனால் சிரித்துவிட்டு விடவில்லை; எழுதிக்கொண்டாள். நாங்கள் பாதையைப் பற்றிச் சொன்னோம். அவள் முகம் மலர்ந்தது. "அப்ப இதுதான் பெரியம்மா நமக்கு மொதல் வேலை" என்றாள். போனில் ஒரு ஆப்பை ஏற்றிவைத்தால், போன் போகிற இடமெல்லாம் அதுவே கோடு போட்டுக்கொள்ளும். இரண்டு வாரம் கழித்து எல்லாக் கோட்டையும் சேர்த்தால் பாதை தானாகத் தெரியும். அதுதான் ஆதாரம்.

யார் கோடு யாருடையது என்று ஊருக்குத் தெரியக் கூடாது என்பதில் அவள் கறாராக இருந்தாள். ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்தாள். எனக்குப் பதினேழு. "உங்க பேரு என் நோட்டுல மட்டும் இருக்கும். நீங்க சொல்லாம நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாகச் சொன்னாள். ஒவ்வொருத்தியிடமும், சலிக்காமல்.

போன்கள் வீட்டில் இருந்து வந்தன, ஆப்பை ஏற்றினாள், போன்கள் திரும்பிப் போயின. அப்போதே நான் சொல்லியிருக்கலாம். தாயி, இந்தப் போன் எங்களோடு நடக்காது என்று. நினைப்பு வந்தது. ஆனால் படித்த பிள்ளை, இது தெரியாமலா இருக்கும், நான் ஐந்தாம் வகுப்பு படித்துவிட்டு என்ன குறுக்கே பேசுவது என்று வாயை மூடிக்கொண்டேன். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. சின்ன வயதில் இருந்தே அப்படித்தான். மற்றவர்களுக்கோ நினைப்பே வரவில்லை.

இரண்டு வாரம் ஆனது. பஞ்சாயத்துக் கட்டடத்தில் சாயங்காலம் கூட்டம். கிராம நிர்வாக அலுவலர் வந்திருந்தார். நிலம் வாங்கியவரும் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து முன்னால் உட்கார்ந்தார். ஆண்கள் நாற்காலியிலும் சுவரோரமும், நாங்கள் தரையில். அந்தப் பெண் சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, அதில் படத்தைக் காட்டினாள். ஊர் முழுக்கச் சிவப்புக் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் நம்பர். எந்த வீட்டுக் கோடு என்று தெரியாதபடி எங்கள் தெருவை மட்டும் ஒரே புள்ளியாக்கியிருந்தாள்.

எட்டாம் நம்பர் இரண்டு வாரமும் தெருவை விட்டு அசையவில்லை. பன்னிரண்டாம் நம்பர் டீக்கடைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் போய்ப் போய் வந்தது. பதினேழாம் நம்பர் தினமும் காலையில் சிவகாசிக்குப் போனது. மதியம் ஒரு புரோட்டாக் கடையில் நின்றது. சாயங்காலம் நேரே ஒயின்ஷாப்புக்கு வந்து அங்கே வெகுநேரம் நின்றது.

பின்னால் இருந்து ஒருத்தன், "யாருலே அந்தப் பதினேழு? பொம்பளையாளு ஒயின்ஷாப்புல நிக்குது, அதுவும் தெனமும்!" என்றான்.

கட்டடமே சிரிப்பில் அதிர்ந்தது. குடிப்பதை விட்டுவிட்டதாக என் மகன் எனக்குச் சத்தியம் செய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவன் வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தபோது அங்கே இல்லை. அந்தப் பெண்ணுக்குப் பதினேழு யார் என்று தெரியும். அவள் கண் என் பக்கம் திரும்பவே இல்லை. தவறிக்கூடத் திரும்பவில்லை. அத்தனை சிரிப்புக்கு நடுவில் அந்தக் கண்ணை அவள் அடக்கிவைத்திருந்ததை நான் மட்டும்தான் கவனித்தேன்.

பாதை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடுகூட இல்லை. கண்மாய்க் கரை வெறும் கரையாகக் கிடந்தது.

நிலம் வாங்கியவர் எழுந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "பாத்தீகளா? நான் சொல்லல, கம்ப்யூட்டரே சொல்லுது. அந்தப் பக்கம் ஒரு ஆளும் நடக்கல. பிறகு என்ன பாதை?"

அந்தப் பெண் சுவருக்குக் கிட்டப் போய்க் கண்மாய்க் கரையை உற்றுப் பார்த்தாள். ஏமாற்றிவிட்டீர்களே என்று எங்களைத்தான் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். கம்பெனியில் சீசன் நேரத்தில் ஆர்டர் தப்பினால் மேலே இருக்கிறவர்கள் கீழே இருக்கிறவர்களைப் பார்ப்பார்கள். கீழே இருக்கிறவர்கள் எங்களைப் பார்ப்பார்கள். தப்பு தண்ணீர் மாதிரி, பள்ளத்துக்குத்தான் ஓடிவரும். என் ஆயுசில் அதைத்தான் பார்த்திருக்கிறேன்.

அவள் எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஆண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிச் சொன்னாள். "இந்த மேப் தப்பு. இவங்க நடக்குறாங்க. நான்தான் ஏதோ தப்பாக் கேட்டிருக்கேன். என்ன தப்புன்னு எனக்கு இன்னும் தெரியல. அது தெரியுற வரைக்கும் இதை யாரும் நம்ப வேண்டாம். நானே நம்பல." சொல்லிவிட்டுப் படத்தை அணைத்தாள். அலுவலரிடம் பத்து நாள் தவணை கேட்டாள். அவரும் சரி என்றார். நிலம் வாங்கியவர், "பத்து நாளைக்கு அப்புறம் நான் தூண் ஊன்றதை யாரும் தடுக்கக் கூடாது" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்தது. அவள் வெளியே படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்தாள். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

"தாயி, நாங்க போனைக் கொண்டுபோறதில்ல."

"எங்க பெரியம்மா?"

"கம்பெனிக்கு. வேனுக்கு. மருந்து இருக்குற எடம்லா? யாரும் கொண்டுபோகக் கூடாது. போனு வீட்டுல கெடக்கும். இல்லைன்னா அவுக கையில இருக்கும்."

அவள் செம்பைக் கீழே வைத்தாள். "அப்ப இத்தனை நாளா நான் யாரைப் படம் போட்டேன்?"

"ஆம்பளையாளுகளத்தான்" என்றேன்.

அழுதுவிடுவாள் என்று பயந்தேன். அவள் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பொம்பளைங்க மேப் போடுறேன்னு அம்புட்டுப் பேச்சுப் பேசிட்டு நானும் அதையே போட்டுட்டேனே பெரியம்மா!" பிறகு சட்டென்று நிறுத்திவிட்டுக் கேட்டாள். "போன் பட்டாசுக் கம்பெனிக்குள்ள போகக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிருந்தும் யோசிக்கல. நீங்க அன்னைக்கே சொல்லணும்னு நெனச்சீங்களா?"

தலையை ஆட்டினேன். அவள் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க வாயைத் தெறந்து சொல்ற மாதிரி நான் கேட்கல" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் இருபத்து மூன்று பேரையும் மறுபடி கூட்டினாள். இந்த முறை லேப்டாப்பைத் திறக்கவில்லை. "என்ன செய்யலாம், நீங்க சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். படித்தவர்கள் அப்படிச் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். வேன் நிற்கிற இடம்வரை போனைக் கொண்டுபோகலாம்; அதற்குமேல் முடியாது. அங்கே யார் வாங்கி வைத்துக்கொள்வது?

"நான் இருக்கேன். காலையில வாங்கிக்கிறேன், சாயங்காலம் நீங்க வந்து எறங்கும்போது குடுக்குறேன். அதுவரைக்கும் அங்கனயே உக்காந்திருப்பேன்" என்றாள்.

"ஏத்தா, பகல் முழுக்கவா? அங்கன ஒத்த வேப்பமரம்தான் நிக்குது" என்றாள் மதினி.

"நிழல் இருக்குல்ல? போதும்."

இனிப் போனை வீட்டில் இருந்து வாங்க வேண்டும். அதுதான் பெரும்பாடு. மதினியின் புருஷன், "ஒனக்கு எதுக்குடி காலங்காத்தால போனு? யாருக்குப் பேசப் போற?" என்று கேட்டாராம். "கண்மாயில இருக்குற கொக்குக்குப் பேசப் போறேன். ஒரு வாரத்துக்கு அதுதான் எனக்குப் புருஷன்" என்று சொல்லிவிட்டு மதினி போனைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். எனக்கு அந்த வாய் ஏது? மகனிடம் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். மறுநாள் விடிகாலையில் என் தூக்குச்சட்டியின் மேல் போன் இருந்தது. சார்ஜ் முழுக்க ஏற்றி வைத்திருந்தான். அந்த வாரம் முழுக்க அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஆனால் போனை மட்டும் தினமும் வைத்தான்.

ஆறு நாள் அந்தப் பெண் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். ஒரு கட்டைப்பையில் இருபத்து மூன்று போன். ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதிய பேப்பரை ஒட்டியிருந்தாள். முதல் நாள் சாயங்காலம் நாங்கள் வேனை விட்டு இறங்கியபோது அவள் குரல் கம்மிப்போயிருந்தது.

"என்ன தாயி, ஒடம்புக்கு முடியலையா?"

"பேசிப் பேசித் தொண்டை போச்சு பெரியம்மா. இருபத்து மூணு போனும் அடிச்சுக்கிட்டே இருக்கு!"

ஒரு நோட்டைத் திறந்து வாசித்தாள். ஒருத்தியின் புருஷன் அழைத்து, குழம்பு எந்தச் சட்டியில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். இன்னொருத்தியின் மாமியார் மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று மூன்று தடவை. பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு டீச்சர். கேஸ் சிலிண்டர்காரர். மதினியின் புருஷன் மட்டும் நாலு தடவை: முதல் தடவை வேட்டி எங்கே, இரண்டாவது தடவை சோப்பு எங்கே, மூன்றாவது தடவை, "நீ யாரும்மா, என் பொண்டாட்டி போனை எதுக்கு வச்சிருக்க?" நாலாவது தடவை, "சரி, நீயாவது சொல்லு, சோப்பு எங்க இருக்கும்?"

மதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நீ என்னத்தா சொன்ன?"

"ஜன்னல்ல பாருங்கண்ணேன்னு சொன்னேன். இருந்துச்சாம்."

நாங்கள் இல்லாத பகலில் எங்கள் வீடு எங்களை எப்படிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது என்பது எங்களுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவரை அந்த அழைப்பெல்லாம் வீட்டுக்குள்ளேயே அடித்து ஓய்ந்துவிடும். அவள் எல்லோருக்கும் பதில் சொன்னாள். ஒரு அழைப்பைக்கூட வெட்டிவிடவில்லை. மறுநாளில் இருந்து சாயங்காலம் ஆளாளுக்கு அவரவர் சேதியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். வீட்டுச் சங்கதி, நாலு பேர் முன்னால் படிக்கக் கூடாது என்று இரண்டாம் நாளே அவளுக்குப் புரிந்துவிட்டது. வெயில் மரத்தைச் சுற்றி நகர, அவளும் பையைத் தூக்கிக்கொண்டு மரத்தைச் சுற்றி நகர்ந்திருக்கிறாள். மண்ணில் அந்தத் தடம் வட்டமாகத் தெரிந்தது.

ஏழாம் நாள் ஞாயிறு. மகளிர் குழுக் கட்டடத்துச் சாவி என்னிடம் இருக்கும். நான்தான் திறந்தேன். பெண்கள் மட்டும் கூடினோம். லேப்டாப்பைத் திறந்தாள். கண்மாய்க் கரையில் ஏறி, காட்டுக்குள் இறங்கி, தரிசைக் குறுக்கே வெட்டி, வேப்பமரம்வரை அத்தனை தடிமனாக ஒரு சிவப்பு. பெரிய ரோடு மாதிரி இருந்தது. கைதட்டினோம். தினமும் மிதிக்கிற மண்தான். ஆனாலும் வெளிச்சத்தில் அதைப் பார்த்தபோது எனக்கு ஏனோ வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

அப்போதுதான் அந்த இடத்தைப் பார்த்தேன். காட்டுக்குள் இறங்கியதும் கோடுகள் எல்லாம் இடப்பக்கம் கொஞ்சம் விலகிப் போய், ஒரு இடத்தில் முடிச்சுப் போட்ட மாதிரி சுற்றிவிட்டு, மறுபடி பாதைக்கு வந்தன. ஒன்றிரண்டு இல்லை, எல்லாம். ஒவ்வொரு நாளும், அதே இடத்தில்.

எல்லோரும் பார்த்துவிட்டார்கள். கைதட்டல் நின்றது. ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். காலையில் கம்பெனிக்குப் போய்விட்டால் வரிசையில் நிற்க நேரம் இருக்காது; வேன் நிற்கிற இடத்தில் மறைப்பு கிடையாது. அந்தக் கருவேல மறைவு ஒன்றுதான் எங்களுக்கு. அது எந்த ஆணுக்கும் தெரியாது. நாளை மறுநாள் இந்தப் படத்தைச் சுவரில் மாட்டினால் ஊரே பார்க்கும்.

அந்தப் பெண், "இந்த இடத்துல என்ன இருக்கு? கெணறா?" என்று கேட்டாள்.

ஒரு தடவை வாயை மூடி நான் பட்டது போதாதா? அவள் பக்கத்தில் போய்க் காதோடு சொன்னேன். "ஒதுங்குற எடம் தாயி."

அவள் முகம் மாறியது. என் கையைப் பிடித்தாள். யாரையும் பார்க்காமல், எல்லோர் கண் முன்னாலும் அந்த முடிச்சை ஒவ்வொரு கோட்டில் இருந்தும் வெட்டி எடுத்தாள். இருபத்து மூன்று கோடு, ஆறு நாள். வெகு நேரம் ஆனது. நாங்கள் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். முடிந்ததும் மதினியிடம் லேப்டாப்பைத் திருப்பி, "சரியாப் போச்சான்னு நீங்களே பாருங்க" என்றாள். மதினி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூக்கு படுகிற மாதிரி குனிந்து பார்த்துவிட்டு, "ம்" என்றாள்.

மற்றவர்கள் போன பிறகு, வெட்டிய படத்தை அவளுடைய மேலிடத்துக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அங்கே இருந்து லேப்டாப்பில் அழைப்பு வந்தது. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியும், இன்னும் இரண்டு பேரும். கட்டடத்தைப் பூட்ட வேண்டும் என்று நான் ஓரமாக நின்றேன். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. ஆனால் கேட்கிற குரலும் மறுக்கிற குரலும் எந்தப் பாஷையிலும் தெரிந்துவிடும். அவர்கள் எதையோ திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இவள் "நோ" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். நாலு தடவை சொன்னாள்.

"என்ன தாயி கேட்டாக?"

"வெட்டாத கோட்டையும் அனுப்பச் சொன்னாங்க பெரியம்மா. ஆராய்ச்சிக்கு உதவுமாம். அது இல்லைன்னா இந்த ஊர் வேலை அரைகுறைன்னு எழுதுவாங்களாம்."

"அய்யோ. ஒனக்குக் கொறைச்சலாகிருமே."

"ஆகட்டும். அந்த இடம் உங்களுது. குடுக்குறதுக்கு நான் யாரு?"

மேலிடத்தை எதிர்த்து ஒரு பெண் எங்களுக்காகப் பேசி நான் கண்ணால் பார்த்தது அது ஒன்றுதான்.

பத்தாம் நாள் கூட்டம். அதே வெள்ளை வேட்டி, அதே ஆட்கள். சுவரில் சிவப்புப் பாதை விழுந்ததும் ஆண்கள் பக்கம் முணுமுணுப்பு. நிலம் வாங்கியவர் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"போன தடவை ஒண்ணும் காட்டல. இந்தத் தடவை ரோடே போட்டிருக்கு. இந்தப் பொண்ணு இருபத்து மூணு போனையும் ஒரு பையில போட்டுக்கிட்டு மேலயும் கீழயும் நடந்தாலும் இப்படித்தான் கோடு விழும். பையும் கையுமா மரத்தடியில உக்காந்திருந்ததை ஊரே பாத்துச்சுல்ல? இதெல்லாம் யாரு? வெறும் நம்பரா இருக்கே?"

அலுவலரும், "நியாயமான கேள்விதாம்மா. நடந்த ஆளு யாருன்னு தெரிஞ்சாத்தான் நான் எழுத முடியும். நம்பருக்கு நேரா பேரைச் சொல்லு" என்றார்.

எங்கள் பேர் எழுதிய அந்த நோட்டு அவள் கையில் இருந்தது. திறந்தால் போதும். அவள் திறக்கவில்லை. "பேர் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன் சார். நான் சொல்ல மாட்டேன்."

"அப்ப மேப்பு செல்லாது" என்று நிலம் வாங்கியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அவள் நோட்டை மார்போடு வைத்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாள் வெயிலில் உட்கார்ந்ததும், மேலிடத்தோடு மல்லுக்கட்டியதும் ஒரு வார்த்தையில் போகிறது. அவள் அப்போதும் நோட்டைத் திறக்கவில்லை. எங்களைப் பார்த்து, நீங்கள் சொல்லுங்கள் என்று கண்ணால்கூடக் கேட்கவில்லை.

நான் எழுந்து நின்றேன். எப்படி எழுந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. "பதினேழு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "பதினேழு நான்தான்."

மதினி என் பக்கம் திரும்பி, "அடி ஆத்தீ! மதினி, ஒயின்ஷாப்புல நின்னது நீதானா? என்னையும் கூப்பிட்டிருந்தா ரெண்டு பேருமாப் போயிருக்கலாமே!" என்றாள்.

கட்டடம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பிலேயே மதினி எழுந்தாள். "எட்டு நானு. அந்த ரெண்டு வாரமும் வீட்டுல கெடந்தது என் போனு. நடந்தது நானு" என்றாள். அடுத்து நாலு. அடுத்து பன்னிரண்டு. புருஷன் நாற்காலியில் இருக்க, பெண்டாட்டி தரையில் இருந்து எழுந்து நம்பரைச் சொன்னாள். இருபத்து மூன்று பேரும் நின்றோம். பின்னால், வாசலில் என் மகன் குரல் கேட்டது. "அந்த ரெண்டு வாரம் போனு என் கையில இருந்துச்சு சார். ஒயின்ஷாப்புக்குப் போனது நான். எங்கம்மா கரையில நடக்குறவுக."

அலுவலர் எழுதிக்கொண்டார். மறுநாள் காலையில் வேன் நேரத்துக்கு அவரே வந்து எங்களோடு பாதையில் நடந்தார். காட்டுக்குள் இறங்கியதும் நாங்கள் யாரும் இடப்பக்கம் திரும்பவில்லை; நேரே போனோம். அன்றைக்கு ஒரு நாள் பொறுத்துக்கொண்டோம். முள்ளுக்கு நடுவில் சிமெண்டு மாதிரி இறுகிக் கிடந்த தடத்தைக் குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்குமேல என்ன வேணும்" என்றார்.

நிலம் வாங்கியவர் லேசில் இறங்கிவரவில்லை. இரண்டு தடவை பேச்சு நடந்தது. கடைசியில் வேலிக்கு நடுவே வழி விடுவதாக ஒத்துக்கொண்டார். தூண் ஊன்றுகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் போய் நின்றோம். அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். வேலைக்காரர்கள் இரண்டு தூணுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைகிற இடைவெளிதான் விட்டிருந்தார்கள். மதினி நடுவில் போய் நின்று இரண்டு கையிலும் தூக்குச்சட்டியும் கூடையும் பிடித்து விரித்துக் காட்டினாள்.

"ஏய்யா, எதுத்தாப்புல ஒருத்தி வந்தா நான் பறந்தா போவேன்?"

"அம்புட்டுத்தான் அளவு குடுத்திருக்காக" என்றான் குழி தோண்டியவன்.

அந்தப் பெண் குறுக்கே எதுவும் பேசவில்லை. தள்ளி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிலம் வாங்கியவர் காரில் இருந்து இறங்கி வந்தார். இருபத்து மூன்று பேர் நிற்பதைப் பார்த்தார். மதினியின் விரித்த கையைப் பார்த்தார். "சரி, ரெண்டு எட்டுத் தள்ளி ஊனு" என்று சொல்லிவிட்டுக் காருக்குத் திரும்பினார். குழியை மூடிவிட்டுப் புதுக் குழி தோண்டினார்கள்.

மறுநாள் திங்கள்கிழமை. தூண்களுக்கு நடுவே இரண்டு இரண்டு பேராகப் போனோம். நான் வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பியிருந்தேன். வேன் வந்தபோது வேப்பமரத்தடியில் முதல் ஆள் நான்தான். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன்.